லிட்டிலுக்கு முன்னால் ஓர் 'எ'

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஹைதராபாத்தில், பேகம்பேட்டில் வேலை பார்க்கும் நான், ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தேன். மேலிடத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. 'தேர் இஸ் லிட்டில் சான்ஸ் திஸ் இயர்.'

லிட்டில் என்றால் கொஞ்சம். கொஞ்சம் வாய்ப்பிருக்கிறது என்று துள்ளிக்கொண்டு, அதை அப்படியே மதுரையில் இருக்கும் மனைவிக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை.

"கொஞ்சம் இருக்குல்ல, பாப்போம்" என்றாள்.

அதன் பிறகு எப்போது பேசினாலும், "தரையில படுக்காதீங்க, ஒரு கட்டில் வாங்கிப் போடுங்க" என்பாள்.

"கிளம்பப் போறவனுக்குக் கட்டில் எதுக்கு?" என்று, மல்காஜ்கிரியில் எடுத்திருந்த வாடகை அறையில் பாயிலேயே படுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரான சக ஊழியரிடம் அந்தப் பதிலைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

"ஆசை நக்கோ சார், வேணாம். 'எ லிட்டில்'னு இருந்தாதான் கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம். வெறும் 'லிட்டில்'னா இல்லைங்கிற மாதிரிதான்."

உடனே மனைவியை அழைத்தேன். "உனக்கு அப்பவே தெரியும்தானே?"

"தெரியும். ஹைதராபாத் போனதுலருந்து அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சுப் பேசுனீங்க. திருத்த மனசு வரல."

அன்று மாலையே கட்டில் வாங்கப் போனேன். சிங்கிளா, டபுளா என்று கடைக்காரர் கேட்டார். விடுபட்டுப்போன அந்த 'எ'வை நானே சேர்த்துக்கொண்டு, டபுள் என்றேன்.