வரம்புக்குள் யாவாக் கடல்

கண்டாவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். தென்கிழக்காசியத் தீவுகளுக்கு இடையில் கிடக்கும் கடல்களைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் சொல்லிவருகிறேன். சுமாத்திரா, யாவா, போர்ணியோ மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஆழமில்லாத கடல். ஒரு காலத்தில் அது காய்ந்த நிலமாக இருந்தது. மிருகங்கள் அதன் வழியே நடந்து போயின. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் நிலம் சட்டென்று கீழே இறங்கிவிடும். பாண்டாக் கடலில் ஒரு மலையையே அமிழ்த்திவிடலாம். இப்படியெல்லாம் சொல்வேன். பிள்ளைகளும் அழகாக எழுதிக்கொள்வார்கள். பிறகு சோதனைத்தாளில் போர்ணியோவை ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பாடசாலையைப் பார்க்க வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது செய்து காட்டும்படி அதிபர் கேட்டார். நான் கடல் செய்யப்போகிறேன் என்றேன். அவர் கணித ஆசிரியராக இருந்து அதிபரானவர். சுவரில் ஒட்டும் படம் என்று நினைத்துத்தான் சம்மதித்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

இடம் விவசாய ஆசிரியரிடம் இருந்தது. பாடசாலைக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு நெல் விதைத்துக் காட்டும் ஒரு துண்டு வயல். அறுவடை முடிந்து சும்மா கிடந்தது. நாலு பக்கமும் வரம்பு. பக்கத்திலேயே இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால். இதைவிட வசதியான சமுத்திரம் எனக்கு வேறெங்கும் கிடைக்காது. அவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். கடலை அவருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு கிழமைக்கு வயலைத் தந்தார்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளும் நானும் மண்வெட்டியோடு இறங்கி, மேற்கே முழங்கால் அளவும் கிழக்கே இடுப்பளவும் தோண்டினோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கடலடி முழுக்கப் பலகை போட்டு இழுத்தமாதிரி இருந்தது. ஆழ்கடலையே காணவில்லை. விவசாய ஆசிரியர்தான் ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டு வந்து நிரவியிருந்தார்.

"வயல் எண்டால் மட்டமா இருக்கவேணும் ரீச்சர்," என்றார். "மேடும் பள்ளமுமாக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது."

இது வயல் இல்லை, பாண்டாக் கடல் என்று நான் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு, செய்த பிழைக்கு ஈடாகத் தானே இறங்கி மறுபடி தோண்டினார். எனக்குத் தேவையானதைவிட ஆழமாகவே தோண்டினார்.

தீவுகளைக் களிமண்ணில் செய்தோம். சுமாத்திராவும் யாவாவும் சொல்வழி கேட்டன. போர்ணியோ ஒரு பெரிய உருண்டை, அதிலும் பிரச்சினை இல்லை. எங்களை வதைத்தது சுலாவேசி. அந்தத் தீவுக்குக் கையும் காலுமாக நாலு கிளை. தண்ணீர் விட்டவுடன் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் கரைந்தது; இனி முடியாதென்று அந்த இடத்தில் பெயர்ப்பலகையை மட்டும் குத்திவைத்தோம். இதற்கிடையில் விவசாய ஆசிரியர் யாவாவில் நாற்று நட்டுவிட்டார். அங்கே நல்ல நெல் விளையும் என்று எங்கோ வாசித்தாராம். நாற்றுப் பிடித்துக்கொண்டது. கடைசியாக, உடுப்புக்குப் போடும் நீலத்தில் பத்துப் பைக்கற் வாங்கித் தண்ணீரில் கரைத்தேன். வரம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடமாகச் சொல்லிவந்த கடலை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அதிகாரி வந்த காலை எல்லோரும் மண்டபத்தில் நின்றோம். வரவேற்பு, பேச்சு, நடனம், தேநீர் என்று ஒன்றரை மணித்தியாலம் போனது. வயலில் ஒருவரும் காவலுக்கு இல்லை. பிறகு அதிபர் முன்னே நடக்க, அதிகாரியும் விவசாய ஆசிரியரும் நானும் பத்தாம் வகுப்பும் பின்னே போனோம். படத்தை எதிர்பார்த்த அதிபர் நீல வயலைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். ஆனால் சமாளித்துக்கொண்டு, கரையில் குத்தியிருந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து விளக்கத் தொடங்கினார். இது சுமாத்திரா, இது யாவா, இது போர்ணியோ.

"அந்தக் கறுப்பா இருக்கிறது?" என்று அதிகாரி கேட்டார்.

சுலாவேசி இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று கறுப்பாக மிதந்தது. அதிபர் கண்ணாடியை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். பலகை மட்டும் மங்கலாகத் தெரிந்திருக்கவேண்டும்.

"அது சுலாவேசி சேர்," என்றார் கொஞ்சமும் தயங்காமல்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "சுலாவேசி மூச்சு விடுது," என்றார்.

சுலாவேசி காதையும் ஆட்டியது. வாய்க்காலுக்கு அங்கால் இருக்கும் தயிர்க்கார அக்காவின் எருமை அது. பத்தாம் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு ஆடியது. அதிபர் என்னைப் பார்த்தார். நான் விவசாய ஆசிரியரைப் பார்த்தேன். அவர் யாவாவின் நாற்று மிதிபட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. வரம்போரமாக நடந்து, எருமை வந்த தடத்தைத் தேடினார். வடமேற்கு மூலையில் களிமண்ணால் செய்திருந்த மலாயாக் குடாநாடு சப்பளிந்து கிடந்தது. அதிலிருந்து சுமாத்திராவுக்கு மேலே ஒரு குளம்படி. பிறகு ஆழமில்லாத கடலில் நேராக நடந்து, யாவாவுக்கும் போர்ணியோவுக்கும் நடுவால் கிழக்கே போய், பள்ளம் தொடங்கும் இடத்தில் படுத்திருக்கிறது. ஏன் அங்கே போய்ப் படுத்தது என்று அவர் பிள்ளைகளைக் கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

"இஞ்சால ஆழமில்லை சேர், தண்ணி வெயிலுக்குச் சுட்டுப் போகும். அங்கதான் ஆழம், குளிரும். அதோட, அங்கால நடந்து போகேலாது. நீந்தத்தான் வேணும்."

பாடசாலையின் சம்பவத்திரட்டில், "தீவுக்கடலின் ஆழ வேறுபாடு உயிருள்ள உதாரணத்துடன் விளக்கப்பட்டது" என்று எழுதி அதிகாரி கையெழுத்து வைத்தார். அதிபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

பின்னேரம் தயிர்க்கார அக்கா வந்தா. எருமை வயிற்றுக்குக் கீழே முழு நீலமாகியிருந்தது.

"இந்த நீல எருமையின்ர தயிரை ஆர் ரீச்சர் வாங்குவினம்?" என்று கோபமில்லாமல் ஆறுதலாகத்தான் கேட்டா. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

விவசாய ஆசிரியரும் நானும் எருமையை வாய்க்காலில் இறக்கித் தென்னந்தும்பால் தேய்த்தோம். அக்கா கரையில் குந்தியிருந்து, காதுக்குப் பின்னால் தேயுங்கோ, வாலடியை விட்டிட்டியள் என்று சொல்லிக்கொண்டிருந்தா. கழுவி முடிந்த பிறகும் எருமை ஏறவில்லை. அது ஏறும்வரை மூவரும் காத்திருந்தோம். அந்தத் தீவுகளிலும் எருமை இருக்கிறதா என்று அக்கா கேட்டா. ஓம், நிறைய இருக்கிறது என்றேன். தயிர் போடுவார்களா என்றா. எனக்குத் தெரியவில்லை. எரிமலைகள் எல்லாம் தெரியும், தயிர் தெரியாது.

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். சுமாத்திராவில் எருமைப்பாலை மூங்கில் குழாயில் ஊற்றி, வாழையிலையால் வாயைக் கட்டி உறையவைக்கிறார்களாம். அடுத்த நாள் அக்காவிடம் சொன்னேன். அவா நம்பவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து ஒரு முழ மூங்கில் துண்டைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தா.

தயிர் நன்றாகத்தான் உறைந்திருந்தது. ஆனால் வெளியே வரமறுத்தது. கவிழ்த்தோம், தட்டினோம், கரண்டிக் காம்பால் குத்தினோம். கடைசியில் விவசாய ஆசிரியர் கத்தியால் மூங்கிலைப் பிளந்தார். பாதி தட்டில் விழுந்தது, பாதி அவருடைய சேட்டில். எல்லோரும் சீனி போட்டுச் சாப்பிட்டோம். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மூங்கில் வாசம். எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவும் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தா.

"பாவம் ரீச்சர்," என்றா. "அந்தச் சனத்துக்கு ஒரு சட்டி கிடைக்கேல்லையாக்கும்."