வெயில் இருந்தால் மட்டும்

'ஓர் அசைவு பிழையா, திட்டமிட்டதா என்ற சந்தேகம் எழுந்தால், புள்ளியைக் குறைக்கும் முன் அந்த அணி எழுதிக் கொடுத்த நிகழ்ச்சித் திட்டத்தை நடுவர் பார்க்க வேண்டும்.' எங்கள் முரசு அணிகளின் சங்கத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியவன் நான். அதை மீறிய முதல் ஆளும் அநேகமாக நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஓகஸ்ட் மாலை, இக்காஸ்ட் நகரில் ஒரு விளையாட்டுத் திடலில் அது நடந்தது. சீருடை போட்டு, முரசும் கொடியுமாக அணிவகுத்து, நடந்துகொண்டே வாசிக்கும் அணிகளின் போட்டி. டென்மார்க்கில் சின்ன ஊர்களில்கூட இப்படி ஓர் அணி இருக்கும். பள்ளிப் பிள்ளையும் சேரலாம், பேரப்பிள்ளை கண்டவரும் சேரலாம். என் மகள் முரசு அடித்த காலத்தில் அவளைக் காரில் ஏற்றி இறக்கப் போனவன் நான். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. நகரசபையில் முப்பது வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவனை எந்தச் சங்கம்தான் சும்மா விடும்? பிழை எண்ணும் நடுவராக ஆக்கிவிட்டார்கள். இசை எனக்குத் தெரியாது. பிழை தெரியும்.

அன்று நான்காவதாக வந்த அணியின் கடைசி வரிசையில், வலது ஓரத்தில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண் நின்றார். கையில் சிம்பல் என்கிற பெரிய பித்தளைத் தாளம். அந்தத் திடலில் அவரையும் என்னையும் தவிர வேறு தமிழர் பங்கெடுக்கவில்லை.

நடுவில் எல்லா முரசுகளும் ஒரேயடியாக நின்றன. இடதுபக்கத்தில் கொடிகளை வானத்தில் எறிந்து பிடித்தார்கள். சனம் முழுக்க அங்கே பார்த்தது. நான் வலதுபக்கம் பார்த்தேன், பிழைகள் பெரும்பாலும் மற்றவர்கள் பார்க்காத பக்கத்தில்தான் நடக்கும். எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்க, இந்தப் பெண் மட்டும் மெதுவாக மேற்கே திரும்பி, ஒரு தாளத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். ஏதோ ஓர் ஒளி என் கண்ணில் அடித்துவிட்டுப் போனது. திசை மாறித் திரும்பியதற்கு அரைப் புள்ளி வெட்டினேன்.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. அட்டையில் என் தாளுக்கு அடியிலேயே அவர்களின் திட்டமும் இருந்தது. ஆனால் தமிழர் தமிழருக்குச் சலுகை காட்டிவிட்டார் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாதே! வேறு யாராவது திரும்பியிருந்தால் நிச்சயம் தாளைப் புரட்டியிருப்பேன். நம்மவர் என்பதால் புரட்டவில்லை. இந்த நேர்மையை நினைத்து ஒரு மணி நேரம் பெருமையாகவும் இருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பெண் என்னைப் பிடித்தார்.

"அண்ணை, நீங்களோ எனக்கு அரைப் புள்ளி வெட்டினது?"

"விதி அப்பிடி, தங்கச்சி. மற்ற ஆக்கள் ஒரு பக்கம் பாக்கேக்கை நீங்கள் மற்றப் பக்கம் திரும்பினீங்கள்."

"திரும்பத்தானே ஆறு மாசம் பழகினனான்! என்ரை மனுசன் எடுத்த வீடியோவைப் பாருங்கோ. எல்லாரும் கொடியை எடுத்தவை. இந்த மனுசன் எங்கை போனாலும் என்னை மட்டும்தான் எடுப்பார், நல்ல காலம்."

பின்னால் நின்ற கணவர், "அது பிழையோ?" என்றார்.

பார்த்தேன். பின்னேர வெயில் தாளத்தில் பட்டு, மஞ்சள் கீற்றாகப் புல்லில் விழுகிறது. திடலோரத்து விளையாட்டு மண்டபத்தின் நிழல் திடலில் பாதியை மூடியிருக்கிறது. அந்தக் கீற்று நிழலுக்குள் ஊர்ந்து, ஒருவரின் முதுகில் ஏறி, தோளால் இறங்கி, நிழலின் நடுவில் தனியே நிற்கும் முரசுக்காரரைத் தேடிப் போகிறது. வழியில் என் முகத்தையும் தடவுகிறது. முரசின் தோலில் வெளிச்சம் விழுந்த அதே கணம், அவர் ஒரே ஓர் அடி அடிக்கிறார். அதிலிருந்து முழு அணியும் எழும்புகிறது.

மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். என் வாயில் வந்தது பாராட்டு அல்ல, கேள்வி. "நிழல் எங்கை விழும் எண்டு எப்பிடித் தெரியும்?"

"எங்கட முறை எத்தினை மணிக்கு எண்டு அறிவிச்ச உடனை வந்து காலடியாலை அளந்தனான்."

"மழை பெய்தால்?"

"மழை எண்டால் தாளத்தைத் தட்டுறது. பழகின ஆறு மாசத்திலை ஒழுங்கா வெயில் எறிச்சது நாலு நாள், அண்ணை."

அவர் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். எவர்சில்வர் தட்டைத் துடைக்கும்போது சுவரில் வெளிச்சம் ஓடுமாம். பேச்சு நின்றுபோன ஒருவர் அதை விரலால் துரத்துவாராம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. பிழை என்று அரைப் புள்ளி குறைந்தாலும் அதை அடுத்த ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து தூக்கிவிடுவேன் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்திருக்கிறார்.

"மூண்டாம் இடம் நாலாம் இடம் எனக்குப் பெரிசில்லை. அடுத்த வருச நிகழ்ச்சியை முடிவெடுக்கிற பெப்ரவரிக் கூட்டத்திலை பயிற்சியாளர் உங்கட தாளைத்தான் தூக்கிக் காட்டப்போறார்."

வீட்டில் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரி: 'வெயில் இருந்தால் மட்டும், கடைசி வரிசை வலது ஓரம் மேற்கே திரும்பும்.' கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள்.

முறையீடு செய்யலாம் என்றால், முடிவு அறிவித்து முப்பது நிமிடத்துக்குள், அணித் தலைவர்தான் செய்ய வேண்டும். நடுவர் தன்மீதே முறையிட அந்தப் படிவத்தில் இடமில்லை. வெள்ளைத் தாளில் சங்கத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முப்பது வருசமாச் சனத்தின்ரை கடிதத்துக்கு 'காலம் கடந்துவிட்டது' எண்டு எழுதி அனுப்பினீங்கள். இப்ப உங்கடையைப் போடுங்கோ, பாப்பம்!"

போட்டேன். கடிதம் கிடைத்தது, எட்டு வாரத்துக்குள் பதில் வரும் என்று ஓர் அச்சடித்த பதில் வந்தது. அந்த வசனம் எனக்கு நல்ல பழக்கம். நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். எட்டு வாரம் பதினாறு ஆனது. நினைவூட்டல் அனுப்பினேன். தொலைபேசியில் எடுத்தேன், பொறுப்பானவர் விடுமுறையில் என்றார்கள். அதுவும் எனக்குப் பழக்கமான வசனம்தான். கிறிஸ்மஸ் வந்து போனது. தபால்காரர் வரும் நாட்களில் சன்னலோரம் நிற்கும் ஆளாக மாறிவிட்டிருந்தேன்.

கடைசியில் வந்தது நான்கு வரிக் கடிதம். புள்ளியை இனி மாற்ற முடியாது. ஆனால் தாளில் 'பிழை' என்றிருந்த சொல் நீக்கப்பட்டு, 'திட்டப்படி' என்று பதியப்பட்டுள்ளது. கையொப்பம், முத்திரை. காரை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

"கூட்டத்துக்கு இது காணும், அண்ணை. இனி வெயிலுக்கு ஆர் கடிதம் போடுறது?"

அடுத்த ஆண்டுத் திட்டத்திலும் அந்த வரி அப்படியே இருந்தது. போட்டியன்று வானம் மூடிக் கிடந்ததால் அவர் திரும்பாமல் தாளத்தைத் தட்டினார் என்பது வேறு விஷயம். நான் இப்போதும் பிழை எண்ணுகிறேன். ஆனால் யாராவது தனியே ஒரு பக்கம் திரும்பினால், அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் நானும் திரும்பிப் பார்க்கிறேன். எத்தனையோ பேரைப் பதிலுக்குக் காக்கவைத்தவன் நான். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்பதை முழுதாகக் கற்றுக்கொண்டது, நான்கு வரிக் கடிதம் என் கைக்கு வந்துசேர்ந்த ஜனவரி இருபத்தொன்பதாம் திகதிதான்.