காரணம் என்கிற கட்டம்

மடிப்பக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. அந்தச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக அவர் மடிப்பக்காதான். மூன்று ஆஸ்பத்திரிகளும் ஏழெட்டு ஓட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து, துவைபட்டு, பிழிபட்டு, ரோலர் இஸ்திரியில் நுழைந்து வெளியேறி, கடைசியில் அக்காவின் மேசைக்கு வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து கை சேர்த்து மடிக்க வேண்டும். எதிரே நிற்பவர் அரை எட்டு பிந்தினாலும் அக்காவுக்குப் பொறுக்காது. "தூக்கம் வருதா? இந்த விரிப்பையே விரிச்சுத் தரவா?" என்பார்.

மடிப்பதற்கு முன் ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கறை தெரிந்தால் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு நீலத் தள்ளுவண்டியில் எறிவார். முடிச்சு விழுந்ததெல்லாம் திரும்பத் துவைக்க வேண்டியது. அந்த முடிச்சுக்கு அப்பீல் கிடையாது. முதலாளியே ஒருமுறை, "இது கறை இல்லம்மா, வெறும் நிழல்" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா விரிப்பைத் திருப்பிப் பிடித்தார். நிழலும் கூடவே திரும்பியது. முதலாளி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதல்லாமல் முதலுதவிப் பெட்டியின் சாவியும் அக்காவிடம்தான். எப்போதோ இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து கட்டுப் போடுவதும், விபத்துப் பதிவேடு எழுதுவதும் அவர் தலையில் விழுந்தது. பதிவேட்டில் ஆறு கட்டம். தேதி, பெயர், காயம், காரணம், சிகிச்சை, எழுதியவர் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கத்து இன்ஸ்பெக்டர் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். ரோலரில் விரல் சுட்டது, ஈரத்தில் வழுக்கியது, கதவு இடித்தது என்று அக்காவின் உருண்டை எழுத்தில் வரி வரியாக இருக்கும்.

இனி, அக்காவை அடித்தவனைப் பற்றி. அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய சலவை மெஷின்கள் நாலும் அவன் பொறுப்பு. எல்லாரும் வைத்த பெயர் பாய்லர். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவன் வந்து இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும் என்பதால் மேலிடம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வாளியை எட்டி உதைப்பான், கையில் கிடைத்ததை விட்டெறிவான். "கோவக்காரன்தான், ஆனா மனசு சுத்தம்" என்பார்கள். அந்த மனசை யார் துவைத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். அன்றைக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளில் மட்டும் பதினொரு முடிச்சு விழுந்திருந்தது. அவசரத்தில் பாய்லர், தண்ணீரில் சூடு ஏறும் முன்பே மெஷினை நிறுத்திவிட்டான். கறை அப்படியே நின்றது. முடிச்சு விழுந்த விரிப்பு ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தான்.

"வேணும்னே போடுறியா?"

"கறை இருந்தா போடுவேன். நல்லா துவைச்சு அனுப்பு, போட மாட்டேன்."

அறை இடது கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ஒரு கூவல் கிளம்பி நிற்காமல் கூவியது. அடுத்த நொடி தோளில் கை வைத்துத் தள்ளினான். தள்ளுவண்டியின் இரும்பு விளிம்பில் மணிக்கட்டு மோத, அக்கா விரிப்புக் குவியலில் சாய்ந்து விழுந்தார். அவன் கையிலிருந்த விரிப்பை அவர் மேலேயே போட்டுவிட்டுப் போனான். ரோலர் நிற்கவில்லை. கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் அவரவர் கையில் இருந்ததை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அவமானம் முட்டியது. இத்தனை வயதில், வளர்ந்த மகள் இருக்கும்போது, இத்தனை பேர் முன்னால். பெட்டி இருக்கும் மூலைக்கு நடந்து போனார். துணிக்கட்டின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் மணிக்கட்டைச் சுற்றினார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பெயர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். காயம்: இடது கன்னம், காது, வலது மணிக்கட்டு. காரணம்: சலவை மெஷின் ஆப்பரேட்டர் அறைந்து தள்ளியது. கட்டுப் போட்ட கையால் எழுதியதில் எழுத்து கோணியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் பதிவேடு விரிந்து கிடந்தது.

"அம்மா, இது விபத்துப் பதிவேடு. இதுல விபத்தைத்தான் எழுதணும்."

"எனக்கு அடி பட்டிருக்கு சார்."

"பட்டிருக்கு, நான் இல்லேங்கல. அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். நீங்க ஈரத்துல வழுக்கினதா மாத்தி எழுதிடுங்க. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாங்க, பார்த்தா நம்ம எல்லாருக்கும் தலைவலி."

"நான் வழுக்கல சார். அவன் அடிச்சான்."

மேனேஜர் சத்தம் போடும் ஆள் இல்லை. பதிவேட்டின் முன் அட்டையைத் திருப்பி உள்பக்கத்தில் அச்சிட்டிருந்த விதியை விரலால் காட்டினார். காயம்பட்டவர் தன் பதிவைத் தானே எழுதக் கூடாது; பார்த்த வேறொருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்காவே படித்துக் காட்டுகிற விதிதான் அது. "பார்த்தவங்க யாராவது வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லி, அக்காவின் வரி மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். யாரும் எழுத மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். "கூட வேலை செய்யறவன் அடிச்சான்" என்றார் அக்கா. சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வேறு கூத்து. விஷயம் கேள்விப்பட்டு அக்காவின் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான். "நீ ஒரு வார்த்தை சொல்லுக்கா. நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் அவன் கை காலை உடைச்சுட்டு வரேன்."

"உடை. அவன் ஆஸ்பத்திரியில படுப்பான். அவன் படுத்த விரிப்பையும் நான்தான் மடிக்கணும்."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கணவர் மட்டும் நிதானமாக, "போலீஸ்ல சொல்லிடுவோமா?" என்று கேட்டார்.

"போவோம். ஆனா வேலை செய்யற இடத்துல என்ன எழுதியிருக்குன்னுதான் முதல்ல கேப்பாங்க. அங்க நான் வழுக்கி விழுந்தேன்னு இருந்தா, ஊருக்கெல்லாம் நான் வழுக்கி விழுந்தவதான். இன்னொருத்தர் கையால அந்த வரி வந்தாகணும். அதுக்கு அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

தம்பிக்கு இது புரியவில்லை. போயும் போயும் ஒரு வரிக்கா இவ்வளவு என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை அக்கா லீவு போடவில்லை. கட்டுப் போட்ட கையோடு மேசைக்கு வந்து நின்றார். அவன் அந்தப் பக்கமாகப் போனான், வந்தான். ஆனாலும் கறை இருந்த விரிப்பில் முடிச்சுப் போட்டார். இடைவேளையில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். ஒருத்தர் குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாராம். இன்னொருத்தர் அப்போதுதான் பாத்ரூம் போனாராம். மூன்று பேருக்கு நீராவி மறைத்துவிட்டதாம். அந்தக் கூடத்தில் இத்தனை நீராவி இருப்பது அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, கோடு இழுத்த வரியை மறுபடி பார்க்கப் பதிவேட்டைத் திறந்தார். முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் கை நின்றுவிட்டது. பெயர் கட்டத்தில் ரோலர் இஸ்திரியில் நிற்கும் பெண்ணின் பெயர். காயம்: கீழ் உதடு கிழிந்தது. காரணம்: கதவு இடித்தது. கையெழுத்து அக்காவுடையது.

கதவு இடிக்கவில்லை. அன்றைக்கும் இவன்தான். அன்றைக்கும் இதே மேனேஜர், இதே குரலில், "கதவுன்னு எழுதிடுங்கம்மா, பாவம், அந்தப் பொண்ணுக்கும் நல்லது" என்றார். மேலிடம் தலையில் தூக்கி வைத்திருக்கும் ஆளைப் பகைத்துக்கொள்ள அக்காவுக்குப் பயமாக இருந்தது. அக்கா எழுதினார். உதட்டில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. "நீங்க என்ன எழுதினாலும் சரிக்கா" என்றுகூடச் சொன்னது. பிரச்சினையை நல்லபடியாகத் தீர்த்துவைத்துவிட்டோம் என்று அக்கா அன்று நிம்மதியாகத் தூங்கினார். ஒரு நூல் கறையைக்கூட விடாத கண், இதை எப்படி விட்டது? கன்னத்தில் விழுந்த அறையைவிட இது பலமாக விழுந்தது.

டீ இடைவேளையில் ரோலர்க்காரப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தது. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் வரியைப் பார்த்தேன். கதவுன்னு எழுதினது."

அந்தப் பெண் டீயை ஒரு வாய் குடித்தது. "மூணு வருஷமா கதவுன்னுதான் இருக்கு. இப்ப உங்களுக்கு வலிச்சதும் ஞாபகம் வந்துடுச்சா?"

அக்காவுக்குச் சொல்ல ஆயிரம் சமாதானம் இருந்தது. "ஆமா" என்றார்.

"இப்ப நான் உங்களுக்கு எழுதணுமா? அதுக்குத்தான் வந்தீங்களா?"

"இல்ல. உன்னை ஒண்ணும் கேக்கல. உன் வரியைத் திருத்தப் போறேன். அது நான் எழுதினது, திருத்த வேற யாரும் வேண்டாம். உன்கிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னு வந்தேன். வேண்டாம்னா விட்டுடுறேன்."

பக்கத்தில் யாரோ டம்ளர் கழுவினார்கள். அந்தப் பெண் கீழ் உதட்டை ஒருமுறை நாக்கால் தடவிக்கொண்டது. தழும்பு இன்னும் மெல்லிசாகத் தெரிந்தது.

"என்னன்னு எழுதுவீங்க?"

"அவன் அடிச்சான்னு. கதவுன்னு பொய் எழுதினது நான்னு."

"எழுதுங்க" என்றது அந்தப் பெண். எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டது. 

அக்கா எழுதினார். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே இன்றைய தேதி போட்டு, மேலே உள்ள காரணம் பொய், உண்மையில் அடித்தது இன்னார், பொய் எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இது தன் தலைக்கே வரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை வரி கோடு விழுந்தபடியே இருந்தது. அதற்கு இனி வழியில்லை என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். தன்னுடையது போனாலும் இது நிற்கட்டும் என்று பதிவேட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கும் முன் ரோலர்க்காரப் பெண் பெட்டிச் சாவியைக் கேட்டது. விரல் சுட்டுவிட்டதோ என்று நினைத்துக் கொடுத்தார். சாவி திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"என்னடி, எங்க சுட்டுச்சு?"

"சுடல. எழுதிட்டு வந்தேன். பார்த்ததை எழுதியிருக்கேன்." சாவியை மேசையில் வைத்தது. "உங்களுக்காக எழுதினேன்னு நினைக்காதீங்க. உங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. நாலு எட்டுல நின்னுக்கிட்டு, நானும் அன்னிக்கு ரோலரைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். அது எனக்குப் பிடிக்கல."

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். மேனேஜர் பதிவேட்டை நீட்டும்போது உள்ளே புதிதாக இரண்டு வரி இருப்பது அவருக்குத் தெரியாது. கோடு இழுத்ததோடு விஷயம் முடிந்தது என்று அவர் பிறகு அதைத் திறந்தே பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தில் நின்றார், மூன்று வருஷம் பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

அவன், "கோவத்துல லேசா கை பட்டிருக்கும் மேடம்" என்றானாம். "ரெண்டு தடவையும் லேசாவா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். விசாரணை முடிகிறவரை அவன் உள்ளே வரக் கூடாது என்று அங்கேயே எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார். பதிவேட்டின் அந்த இரண்டு பக்கத்துக்கும் நகல் எடுத்து, போலீஸில் கொடுக்க ஒன்றை அக்காவிடம் தந்தார். எல்லாம் முடிந்தது என்று அக்கா எழுந்தபோது, உட்காரச் சொன்னார்.

"இந்தக் கதவு இடிச்ச வரி. பொய்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சேதான் மேடம்."

"மேனேஜர் சொல்லித்தானே எழுதினீங்க?"

"அவர் சொன்னார். எழுதினது என் கை."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இதைத் திருத்தாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப உங்க மேலயும் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். முதலுதவிப் பொறுப்பு போயிடும், எச்சரிக்கைக் கடிதம் வரும். புரியுதா?"

அக்கா மடியிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"புரியுது. அதையும் எழுதிக்குங்க மேடம். காரணம்னு கேட்டா, பயம்னு போடுங்க."