பிள்ளையார் பெட்டிக்குள் புது அல்பம்

அண்ணன் கேட்டதைப் பாட்டென்று ஒத்துக்கொள்ள எங்கள் வீட்டில் ஆளில்லை. கிற்றார் அலறும், மேளம் இடிக்கும், ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். "ஆரோ தகரக் கொட்டிலைப் பிரிக்கிறான் போல கிடக்கு. குறையடா சத்தத்தை!" என்று அம்மா குசினி அடுப்படியிலிருந்து கத்துவார். எனக்கும் அது தலையிடிதான்.

அப்பாவின் அரசாங்க வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிப் பக்கச் சிங்கள ஊரான தெல்தெனியவுக்கு வந்திருந்தோம். யுத்தம் வடக்கில் நடந்தது. ஆனால் எங்கள் பெயர்கள் எங்களோடு வந்துவிட்டன.

அண்ணன் கேட்கும் அந்த இங்கிலிஸ் பாட்டுக் குழுவின் புது அல்பத்தை லண்டனிலிருந்த மச்சான், இங்கே வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதை வாங்க நானும் அண்ணனோடு கண்டிக்குப் போனேன். கசெற்றின் உறையில் மண்டையோடு. கண்டால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவார். அதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் படம் போட்ட பக்திப் பாட்டுக் கசெற் பெட்டிக்குள் அண்ணன் பஸ் நிலையத்திலேயே கசெற்றை மாற்றினான். "சாமிப் படமெண்டா அம்மா திறந்து பாக்கமாட்டா தங்கச்சி. தூசி தட்டிக் கும்பிட்டு வைப்பா." நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் எங்கள் இருவரையும் ஒதுக்கி நிறுத்தினார்கள். பையைக் கிளறிய சிப்பாய் பிள்ளையாரைக் கண்டதும் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தான். அவனுடைய ஊர்ப் புத்த விகாரையிலும் பிள்ளையார் இருப்பார்தானே. முகம் இளகியது. தப்பினோம் என்று நினைத்தேன். அவன் பக்தியோடு கசெற்றைச் சாவடி றேடியோவில் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் சாவடிக்குப் பெரியவனே ஓடிவந்தான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பாட்டு என்றான் அண்ணன். அப்படியென்றால் பாடிக் காட்டு என்றான்.

அண்ணன் பாடினான். மேசையில் தாளம் தட்டி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கண்ணீர் வழியப் பாடினான். ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டென்றால் ஏன் சாமிப் பெட்டிக்குள் ஒளித்தாய் என்று கேட்டார்கள். அம்மா ஏசுவார் என்பது எந்த மொழியில் எடுபடும்? நானும் அழுதழுது அதையே சொன்னேன். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், அவனை ஏற்றவில்லை. பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவனை விடுவிக்க அப்பா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடைசியில் அண்ணன் வந்தான், கசெற் வரவில்லை. கன்னத்தில் விழுந்த அடிகளில் இரண்டு காதும் போயிருந்தன.

அன்று பின்னேரம் அம்மா அந்தக் குழுவின் பழைய கசெற் ஒன்றைத் தானே தேடியெடுத்து றேடியோவில் போட்டார். அண்ணன் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அம்மா சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"கேக்குதோ, ராசா?"

அவன் அம்மாவின் வாயைப் பார்த்தான். "ஓம்" என்றான்.

அம்மா இன்னும் கூட்டப் பார்த்தார். குமிழ் அதற்குமேல் திரும்பவில்லை.