மத்தியானத்தை விட்டுக்கொடுக்காத திலகவதி அக்கா

திலகவதி அக்கா காலமான செய்தியை நேற்றுக் காலை நசீமா தொலைபேசியில் சொன்னார். ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள் நாங்கள் மூவரும். சிறிது நேரம் இருவரும் அழுதோம். பிறகு, மேசையிலிருந்தே சாப்பிடச் சொன்ன உத்தரவை அக்கா தோற்கடித்ததைச் சொல்லிச் சிரித்தோம். அவரை அறியாதவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே, கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் தனியார் கந்தோர் அது. அக்கா அங்கே தட்டெழுத்தாளர். போர்க்காலம். பொழுதுபடுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டுமென்று கந்தோரை நேரத்தோடு பூட்டினார்கள். தம்பலகாமத்திலிருந்து வந்துபோன எனக்கு அது நிம்மதிதான். ஆனால் இழந்த நேரத்தை ஈடுகட்ட, இனி வேலை செய்துகொண்டே சாப்பிட வேண்டும் என்று முகாமையாளர் அறிவித்தார். பணிந்தோம். என்ன கறி என்றுகூடத் தெரியாமல் விழுங்கினோம். ஒருவரோடொருவர் கதைப்பதும் நின்றுபோனது.

அக்கா மட்டும் சாப்பாட்டுப் பெட்டியுடன் எழுந்து, உடைந்த கதிரைகள் கிடந்த பின்னறைக்குப் போனார். அங்கே ஒரு யன்னல். வெளியே துறைமுகத் தண்ணீர்.

"ஏனக்கா வீண் பிரச்சினை?" என்று கேட்டேன்.

"பின்னேரத்தைச் சண்டை எடுத்துப்போட்டுது பிள்ளை. மத்தியானத்தை நாங்களாக் குடுக்கக் கூடாது" என்றார்.

நாளைக்கும் இப்படியென்றால் வேலை இல்லை என்று முகாமையாளர் எச்சரித்தார். அக்காவின் சம்பளத்தில்தான் தாயும் தங்கையும் சீவித்தார்கள். மறுநாள் மத்தியானமும் அவர் எழுந்தார். முகாமையாளர் பின்னாலேயே போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது ஐயா. முதல்ல இருங்கோ. நிண்டுகொண்டு கோவிச்சா உங்களுக்கும் களைப்பு, எனக்கும் சோறு இறங்காது."

"நான் இருக்க வரேல்லை."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

முகாமையாளரின் குரல் இறங்கியது. "கடையில வாங்கின பாண்."

அவருடைய குடும்பம் சண்டைக்குப் பயந்து கொழும்புக்குப் போயிருந்தது. கதிரை இழுபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பெட்டி மூடியில் சோறும் பொரித்த சூடை மீனும் வைத்து அக்கா நீட்டினார். முகாமையாளர் அதை வாங்கி, தண்ணீரைப் பார்த்தபடி ஆறுதலாகச் சாப்பிட்டார். வெளியே வந்து எங்களைப் பார்த்து, "நீங்களும் போய் இருந்து சாப்பிடுங்கோ" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் சாப்பாட்டறை. கதிரைகளைத் திருத்தினோம். நசீமாவின் கத்தரிக்காயும் காசாளர் சிறிபாலவின் பலாக்காயும் என் பெட்டிக்கு வந்தன. வெளியே ஆளை ஆள் சந்தேகித்த காலத்தில், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்து வந்த முகாமையாளர்கள் எவரும் அந்த நேரத்தில் கைவைக்கவில்லை.

சமாதானப் பேச்சு தொடங்கி, கடற்கரை வீதித் தடையை எடுத்த வாரம், அக்கா முழுக் கந்தோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்கே கூட்டிப்போனார். சாப்பிட்டு அலையில் கை கழுவப் போனவர், செருப்பைக் கையில் பிடித்தபடி சேலைக்கரை நனைய நடக்கத் தொடங்கினார்.

"நேரமாச்சு அக்கா" என்றேன்.

"ஆகட்டும். கந்தோர் ஓடியா போகப்போகுது?" என்று சிரித்தவாறே இன்னும் உள்ளே இறங்கினார்.

அக்கா, இனி உங்களை எவரும் அவசரப்படுத்த முடியாது. வென்றவராகவே போய்வாருங்கள்.