ஒரே பூட்டுக்குப் பதினோரு சாவி

வலப்பக்கம் எவ்வளவு அழுத்தியும் பூட்டுக்குள் விட்ட கம்பி அசையவில்லை. அவள் அதை உருவி, முனையை இடப்பக்கமாக வளைத்து மறுபடி விட்டாள்.

"என்னம்மா, ஊரையே திறக்கிற கைன்னு சொன்னாங்க?" என்றார் போலீஸ்காரர்.

"ஊரைத் திறந்திடலாம் சார். இது கொஞ்சம் முரண்டு."

பின்னால் வீட்டுக்காரம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அந்த அறையில் தனியாகக் குடியிருந்த கிழவர் நேற்று மார்க்கெட் வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. விழுந்ததில் சாவியும் எங்கோ தெறித்துப் போய்விட்டது. அறையைத் திறந்தால் சொந்தக்காரர் விலாசம் ஏதாவது கிடைக்கும் என்றுதான் சாவிக்காரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பூட்டு இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, அரைச் சுற்றுப் பின்வாங்கித் திறந்தது. இப்படித் திருப்பி அமைத்த பூட்டை அவள் ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்திருக்கிறாள். அவள் பிறந்த வீடு அது.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது, அப்பா அறுத்துக் கொடுத்த சாவியால் யாரோ ஒரு நகைக்கடையைத் திறந்தார்கள். காவலாளி செத்துக் கிடந்தான். யாருக்கு அறுத்தாய் என்று கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாது. 'சாவி கொண்டு வர்றவன் மூஞ்சியைப் பாக்காதே, பாத்தா நீ சாட்சி' என்பது அவருடைய தொழில் தர்மம். யாரும் நம்பவில்லை. அடுத்த விசாரணையன்று அப்பாவைக் காணவில்லை.

இருபத்தாறு வருஷமாகத் தேடுகிறாள். ஜெயில் வாசல், பிணவறை, முதியோர் விடுதி, ஒன்று விடவில்லை. "உங்கப்பா ஓடினது போலீசுக்குப் பயந்தா, உனக்குப் பயந்தா?" என்று கேலி செய்த கணவனும் பாதித் தேடலுக்குக் கூடவே வந்தான். அப்பா விட்டுப்போனதில் அவளிடம் மிஞ்சியது அந்தத் தர்மம் ஒன்றுதான். கடைக்கு வருகிற யார் முகத்தையும் பார்க்காமல் அதைப் பிசகாமல் காத்தாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலில் ஓர் அரம். அரத்தின் மரப்பிடி ஒரு பக்கம் கரிந்திருந்தது. ஆறு வயதில் அதை அடுப்பில் போட்டு முதுகில் அடி வாங்கியவள் அவள்தான்.

சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. பதினொன்று. எல்லாம் ஒரே வெட்டு. ஒவ்வொன்றிலும் துளைக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. அவள் கடை அடையாளம்.

மறதிக்காரர்! அப்படித்தான் அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். அவள் கடைக் கம்பிவலைச் சந்தில் சுருங்கிய கை ஒன்று சாவியை நீட்டும், இன்னொன்று வேண்டும் என்று விரலைக் காட்டும். "அடுத்த தடவை தலையைத் தொலைச்சிட்டு வாங்க பெரியவரே, அதுக்கும் ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்பாள், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். சிரிப்பு கேட்கும். ஒரே ஒரு தடவை ஏதோ சொல்ல வந்து இருமினார். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"விலாசம் ஏதாச்சும் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது சார். எழுதிக்குங்க."

சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இது உன் கடை விலாசமில்ல?"

"ஆமா சார்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முகத்துணியை விலக்கினார்கள். ஒன்பது வயதில் பார்த்த முகம் அதில் இல்லை. அப்பாதானா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. நாலு மணிக்குக் கடை திறந்தாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பீரோ சாவி, ஒரு சைக்கிள் சாவி.