ஒரு தலைக்கு மட்டும் இடமுள்ள பேனர்

மரியநாதபுரத்தில் மாவு வாங்குகிற எல்லோருக்கும் அன்புக்கரசியைத் தெரியும். வயது நாற்பத்தாறு. வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், ஒரு தராசு. காலை ஆறு மணிக்குத் தோசை மாவு, பத்து மணிக்கு அடை மாவு, இடைப்பட்ட நேரத்தில் பி.ஏ. வரலாறு. அஞ்சல் வழியில் மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தார். அவசரப்படுவது வரலாற்றுக்கு அழகில்லை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் தபாலில் வந்த அன்று கணவர் சூசைராஜ் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். எந்தக் காகிதமும் அவருக்கு ஆர்.சி. புத்தகம் மாதிரிதான்.

"சரி, பீரோல வையி."

"பீரோல வைக்கவா படிச்சேன்? விருந்து வைக்கப் போறேன்."

"எதுக்கு?"

"பட்டம் வாங்குனதுக்கு."

"யாரு?"

"ம்... பக்கத்து வீட்டுக்காரி."

அவர் திகைத்ததில் தப்பில்லை. எங்கள் பக்கம் காதுகுத்துக்கு விருந்து உண்டு, சர்ச்சில் பிள்ளைக்கு முதல் நற்கருணை தரும் புதுநன்மைக்கு உண்டு, புது லாரிக்கும் உண்டு. போன மார்ச்சில் சூசைராஜின் அண்ணன் பிரிட்டோ, செம்பட்டியில் தன் பேரன் ரோஹித் யூ.கே.ஜி. முடித்ததற்குக் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி எல்லாம் மாட்டி, முந்நூறு பேருக்குப் பிரியாணி போட்டார். பட்டதாரி, விழா நடுவிலேயே தூங்கிவிட்டார். அதை யாரும் ஏனென்று கேட்கவில்லை. நாற்பத்தாறு வயதுக்காரி தேர்வெழுதித் தேறியதற்கு விருந்து என்றதும்தான் குடும்பம் அதிர்ந்தது.

அன்புக்கரசியின் கையில் இருந்தது ஆறாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. மண்டபம் வேண்டாம், வீட்டு வாசல் போதும். நாற்பது பேர். பிரியாணிக்குப் பதில் சொந்த மாவில் தோசை, கோழிக் குழம்பு. பேனர் மட்டும் கண்டிப்பாக வேண்டும், நாலடிக்கு மூன்றடி. ஸ்டுடியோவில் வாடகை அங்கி போட்டு, சிரிக்காமல் எடுத்த படம்.

வாசலில் ஏறிய பேனரை, சூசைராஜ் ஒரு பெருமையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கேதான் பிடித்தது வினை. இங்கே பேனர் என்பது பங்காளிகளின் வாக்காளர் பட்டியல். மூத்தவர் மேலே, சம்பந்திகள் பக்கவாட்டில், பிள்ளைகள் கீழே திராட்சைக் குலையாக. படம் விடுபட்டவர் பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அன்புக்கரசியின் பேனரிலோ அன்புக்கரசி மட்டும்தான் இருந்தார்.

அரை மணி நேரத்தில் செம்பட்டியிலிருந்து போன்.

"ஏம்மா அன்பு, பேனர்ல எம் படத்தக் காணோமே?"

"நீங்க எந்த வருசம் மச்சான் பி.ஏ. முடிச்சீக?"

"வெளையாடாத. குடும்பத்துக்கு மூத்தவன் நானு."

"நாலுக்கு மூணு மச்சான். ஒரு தலைக்குத்தான் எடம் இருந்துச்சு. படிச்ச தலைய வச்சேன்."

பிரிட்டோ தீர்ப்பு வழங்கினார்: எல்லார் படத்தையும் சேர்த்துப் புதுப் பேனர் வைக்காவிட்டால் செம்பட்டியிலிருந்து ஒரு காக்கா வராது. நாற்பதில் அது இருபத்திரண்டு காக்கா. சூசைராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணன் படத்த மட்டுமாச்சும் ஒரு ஓரமா ஒட்டிருவோம் அன்பு. பாஸ்போர்ட் சைசு."

"ஓரத்துல ஒட்டுனா நடுவுக்கு வந்துருவாரு. இருபது வருசமா பாக்குறேன்ல. அவுக வராட்டி போகட்டும், அம்புட்டுத் தோசையையும் தெருவுக்கே ஊத்துறேன். பேனர் மாறாது."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தெருக்காரர்கள் தட்டோடு வரிசையில் நின்றபோது, ஒரு வேன் வந்து நின்றது. வராமல் இருந்தால் தன் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது பிரிட்டோவுக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு பேரோடும், சொந்தச் செலவில் அடித்த பன்னிரண்டுக்குப் பத்து அடிப் பேனரோடும் இறங்கினார். விரித்தார்கள். நடுவில் பிரிட்டோ கைகூப்பி நின்றார். சுற்றிலும் சுற்றம். பட்டதாரி, இடது கீழ் மூலையில், தபால்தலை அளவில்.

"ஏலே சூசை, அந்தச் சின்னதக் கழட்டிட்டு இத மாட்டு."

தெருவே அன்புக்கரசியைப் பார்த்தது. அவர் தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமல், அடுப்பின் மேலும் வரிசையின் மேலும் சுள்ளென்று விழுந்த வெயிலைப் பார்த்தார். ஆறாயிரத்தில் பந்தலுக்கு வழியில்லை.

"அதக் கழட்ட முடியாது. ஆனா இது நல்ல கெட்டியான ஐட்டம் மச்சான். ஏங்க, நாலு மூலைக்கும் கயித்தப் போட்டு மேல கட்டுங்க."

சூசைராஜ் வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஏணி ஏறினார். பேனர் பந்தலாயிற்று. முகங்கள் வானத்தைப் பார்க்க, கீழே வெள்ளை முதுகும் நிழலும்.

"எம் மூஞ்சி யாருக்கும்மா தெரியும்?"

"மொட்ட மாடில நின்னா பளிச்சுனு தெரியும் மச்சான். குடும்பத்துக்கு மூத்தவருன்னா வெயில மறைக்க வேணாமா?"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. கோபித்துக்கொண்டு திரும்பலாமென்றால் வேன் டிரைவர் அதற்குள் நாலாவது தோசையில் இருந்தார். பிரிட்டோ தன் நிழலிலேயே தட்டோடு உட்கார்ந்தார். மூன்று தோசையை முடித்தார். பிறகு, மூத்தவர் என்ற முறையில் ஒன்று கேட்டார்.

"சரிம்மா, இந்தப் படிப்ப வச்சு இனி என்னதான் செய்யப் போற?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல மச்சான். மாவுதான் ஆட்டுவேன். படிக்கணும்னு இருந்துச்சு, படிச்சேன், கொண்டாடுறேன். அம்புட்டுத்தான். தட்ட நீட்டுங்க, இது முறுகல்."